ஃபார்மட்டில் காணாமல் போன பொத்தான்

லேப்டாப்பை ஃபார்மட் போடக் கொண்டுபோனால் கடையில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "டேட்டா ஏதாவது எடுத்து வைக்கணுமா?" போட்டோ, கடிதம், கணக்குவழக்கு, கல்யாண வீடியோ. அவர்களைப் பொறுத்தவரை டேட்டா என்றால் இவ்வளவுதான். இவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றிவிட்டால் மிச்சமெல்லாம் துடைத்தெறிய வேண்டியது. மெஷினோடு சேர்த்துக் காசு கொடுத்து வாங்கிய ஒரு வசதி, விண்டோஸுக்குச் சம்பந்தமே இல்லாமல், அதே ஹார்ட் டிஸ்க்கின் ஒரு மூலையில் தனியாக இருக்கக்கூடும் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. என் பெரியம்மாவுக்கு அந்த மூலைதான் லேப்டாப். அதை அழித்துவிட்டு, "புதுசு மாதிரி ஆக்கிட்டோம்" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

அது என்ன வசதி என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். 2005, 2006 வாக்கில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸ் முழுதாக எழுந்து நிற்பதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். ஒரு டிவிடி பார்ப்பதற்காக இவ்வளவு நேரம் காத்திருப்பானேன் என்று யோசித்த கம்பெனிகள், பவர் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பொத்தானை வைத்தன. லேப்டாப் ஆஃபில் இருக்கும்போது அதை அழுத்தினால் விண்டோஸ் எழாது. கொஞ்ச நேரத்தில் பெரிய பெரிய எழுத்தில் ஒரு திரை வரும்: படம், பாட்டு, போட்டோ. அவ்வளவுதான். எச்பி அதற்கு குவிக்பிளே என்று பெயர் வைத்தது, டெல் மீடியாடைரக்ட் என்றது, தோஷிபா எக்ஸ்பிரஸ் மீடியா பிளேயர் என்றது. உள்ளே சிலர் சின்னதாக ஒரு லினக்ஸை வைத்தார்கள், சிலர் விண்டோஸ் எக்ஸ்பியையே செதுக்கிக் குறுக்கி வைத்தார்கள். பெரியம்மாவின் மெஷின் எந்தக் கம்பெனியுடையது என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு கம்பெனியோடு நிற்கிற விஷயமாக இருந்தால் இவ்வளவு வருத்தம் இருக்காது.

பெரியம்மா இருப்பது கும்பகோணத்தில். அண்ணன் 2006 கடைசியில் அமெரிக்காவில் வாங்கிய லேப்டாப், அவன் புதிது வாங்கியதும் ஒரு விடுமுறையில் இங்கே வந்து சேர்ந்தது. விண்டோஸ் கற்றுக்கொடுக்க எல்லாரும் முயன்றார்கள். மவுஸை நகர்த்தி, இரண்டு தடவை தட்டி, வரும் கேள்விக்குப் பதில் சொல்லி, இதெல்லாம் அவருக்கு ஒட்டவில்லை. அண்ணன்தான் அந்த இரண்டாவது பொத்தானைக் காட்டினான். கறுப்பு வரிசையில் எது எது என்று தெரியாமல் அவர் தடுமாறியதால், அவருடைய நெற்றிப்பொட்டு அட்டையிலிருந்தே ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டினான். அதற்கப்புறம் யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. மூடியைத் திறப்பார். பொட்டை அழுத்துவார். தட்டு வெளியே வந்ததும் நாதஸ்வரக் கச்சேரி டிவிடியை இரண்டு விரலால் ஓரம் பிடித்து வைத்து உள்ளே தள்ளுவார். மத்தியானம் மூன்று மணிக்கு அந்த வீட்டுக்குப் போனால் உள்ளே தவில் சத்தம் கேட்கும். எழுபது தாண்டிய ஒருவர் யாரையும் கூப்பிடாமல் தன் கையாலேயே தனக்கு வேண்டியதைப் போட்டுக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு கருவி செய்யக்கூடியதிலேயே மேலான வேலை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது. இனி எக்ஸ்பி ஆபத்து, வைரஸ் புகுந்துவிடும் என்று எல்லாப் பக்கமும் பேச்சு. இணையமே இல்லாத வீட்டில் இருக்கிற லேப்டாப்புக்கு அதனால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பையன் நல்லெண்ணத்தில் அதைக் கடையில் கொடுத்து, விண்டோஸ் 7 போட்டு வாங்கி வந்துவிட்டான். பெரியம்மா மறுநாள் போன் பண்ணினார். "பொட்டை அழுத்தினா என்னமோ ஜன்னல் ஜன்னலா வருதுடா. கச்சேரி வரமாட்டேங்குது."

நான் போய்ப் பார்த்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் விண்டோஸ்தான் வந்தது. வந்த விண்டோஸும் திருட்டு நகல். மெஷினின் அடியில் எக்ஸ்பிக்கான லைசென்ஸ் ஸ்டிக்கர் எழுத்து அழியாமல் அப்படியே இருக்க, காசு கொடுத்து வாங்கிய அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைப் போட்டிருக்கிறார்கள். சில நாளில் திரை கறுத்து, இந்தப் பிரதி அசல் அல்ல என்று கீழ் மூலையில் எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. டிவிடி போட்டால், என்ன செய்யட்டும் என்று ஒரு பெட்டி கேட்கிறது. நடுவில் ஆன்டிவைரஸ் வந்து தன்னை அப்டேட் பண்ணச் சொல்கிறது. இத்தனையும் தாண்டி நாதஸ்வரத்துக்குப் போக வேண்டியது ஆங்கிலம் படிக்காத ஒரு அம்மாள்.

கடைக்குப் போனேன். அங்கே இருந்த தம்பி, "அது டிரைவர் பிரச்னை சார், நெட்ல இருந்து இறக்கிப் போட்டா வந்துடும்" என்றார். கும்பகோணத்தில் சொன்னதையே சென்னையிலும் சொன்னார்கள். எது வேலை செய்யாவிட்டாலும் டிரைவர் என்று சொல்லிவிடுவது இந்தத் தொழிலில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. டிரைவர் என்பது விண்டோஸ் எழுந்த பிறகு வேலை செய்வது. இந்தப் பொத்தானோ விண்டோஸ் எழுவதற்கு முன்னால் வேலை செய்வது. எழுந்திருக்கவே கூடாது என்பதற்காக வைத்த பொத்தானுக்கு, எழுந்த பிறகு போடுகிற டிரைவரால் எப்படி உயிர் வரும்? இந்த ஒரு கேள்வியை நின்று யோசித்தவர்கள் யாரும் என் கண்ணில் படவில்லை.

நடந்தது இதுதான். அந்தப் பொத்தான் உண்மையில் இன்னொரு பவர் சுவிட்ச். எதை அழுத்தி மெஷினை எழுப்பினார்கள் என்பதை பயாஸ் குறித்துக்கொள்ளும். பிறகு ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டரைப் படிக்கும். அது வெறும் 512 பைட். அதில் 446 பைட் ஒரு குட்டி புரோகிராம், 64 பைட் பார்ட்டிஷன் பட்டியல், கடைசி இரண்டு பைட் முத்திரை. கம்பெனி அங்கே வைத்து அனுப்பிய குட்டி புரோகிராம், பொத்தான் எது என்று பார்த்து, விண்டோஸ் பக்கம் போவதா மீடியா பக்கம் போவதா என்று முடிவு செய்யும். விண்டோஸை வேறு டிஸ்க்கிலிருந்து புதிதாகப் போடும்போது அது அந்த இடத்தில் தன் சொந்த புரோகிராமை எழுதிவிடுகிறது. விண்டோஸின் புரோகிராமுக்கு இரண்டாவது பொத்தான் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்த 64 பைட் பட்டியலும் நம் ஊர் பட்டா பதிவேடு மாதிரிதான்: நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏட்டில் பெயர் இல்லாவிட்டால் அது யாருடையதும் இல்லை. நாலே நாலு வரி எழுதத்தான் அதில் இடம். மீடியாவுக்கு ஒரு வரி, ரெக்கவரிக்கு ஒரு வரி, சி டிரைவுக்கு ஒன்று, டி டிரைவுக்கு ஒன்று என்று கம்பெனியே நாலையும் நிரப்பி அனுப்பியிருக்கும். கடைக்காரத் தம்பி நாலையும் வரிசையாக டெலிட் பண்ணிவிட்டுப் புதிதாகப் பிரித்திருக்கிறார்.

விண்டோஸ் 7 செட்டப்பில் தயாரிப்பாளர் வைத்தது போலத் தெரியும் பகுதியை அழிக்கப் போனால், திரையிலேயே ஒரு எச்சரிக்கை வரும். இதில் ரெக்கவரி ஃபைல்களோ, கம்பெனி கொடுத்த முக்கியமான சாஃப்ட்வேரோ இருக்கலாம், அழித்தால் போய்விடும் என்று நேர் வாக்கியத்தில் சொல்லும். அதைப் படிக்க ஐந்து வினாடி ஆகும். வரிசையில் இன்னும் பத்து மெஷின் காத்திருக்கிறது, விரல் தானாக ஓகேயைத் தட்டிவிடுகிறது. அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் உண்டுதான், ஆனால் முழுக் கோபமும் அவர்மேல் இல்லை. நாளெல்லாம் ஃபார்மட் போடச் சொல்லிவிட்டு, இப்படி ஒரு பொருள் உள்ளே இருக்கும் என்று அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

கம்பெனிகளிடம் வருகிறேன். என் ஆதங்கத்தில் பெரும் பங்கு அவர்களுக்குத்தான். விளம்பரத்தில் இந்தப் பொத்தானைப் பெரிதாகப் போட்டார்கள், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதை மட்டும் ஒளித்துவைத்தார்கள். சிலர் பார்ட்டிஷனாகக்கூட வைக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கின் கடைசியில் கொஞ்ச இடத்தை ஒதுக்கி, டிஸ்க்கே தன் அளவைக் குறைத்துச் சொல்லும்படி செய்து, அந்த மறைவிடத்தில் வைத்தார்கள். 1990களின் கடைசியிலிருந்தே ஹார்ட் டிஸ்க்குகளில் இதற்கு வழி உண்டு. விண்டோஸால் அந்த இடத்தைப் பார்க்க முடியாது, சாதாரண பார்ட்டிஷன் கருவிகளாலும் முடியாது.

சில பழைய மாடல்களில் இதைவிட மோசம். டிஸ்க்கைப் புதிதாகப் பிரித்து விண்டோஸ் போட்ட பிறகு யாராவது விவரம் தெரியாமல் மீடியா பொத்தானை அழுத்தினால், மறைவிடத்தில் இருக்கும் புரோகிராம் தன் கையில் உள்ள பழைய பட்டியலை எடுத்து, புதிய பட்டியலின் மேல் எழுதிவிடும். ஒரே அழுத்தலில் பார்ட்டிஷன்கள் காணாமல் போய்விடும். பாட்டுக் கேட்க என்று வைத்த பொத்தான், வீட்டிலிருக்கிற போட்டோவையெல்லாம் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அதை அழுத்தாதீர்கள் என்று பெட்டியிலோ கையேட்டிலோ ஒரு வரி எழுதுவதற்கு என்ன செலவாகியிருக்கும்? இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று, பெரியம்மாவுக்குப் போன் போட்டு, சரியாகும்வரை பொட்டைத் தொடவே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவருக்குத் தெரிந்த ஒரே பொத்தான் அது.

வேறு மாதிரி செய்திருக்க முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2007-இல் டிவைஸ்விஎம் என்ற நிறுவனம் ஸ்பிளாஷ்டாப் என்ற குட்டி லினக்ஸைக் கொண்டுவந்தது. ஆசஸ் அதை எக்ஸ்பிரஸ் கேட் என்ற பெயரில் தன் மதர்போர்டு ஒன்றில், போர்டிலேயே இருக்கும் ஃபிளாஷ் மெமரியில் வைத்து விற்றது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எறிந்தாலும் அது இருக்கும். ஃபார்மட் போடுகிறவர் எத்தனை அவசரக்காரராக இருந்தாலும் அவர் கை அங்கே எட்டாது. பிறகு செலவைக் குறைக்க அதையும் ஹார்ட் டிஸ்க்குக்கே இறக்கிவிட்டார்கள். சிப்புக்கு ஆகும் சில ரூபாயை மிச்சம் பிடித்தது கம்பெனி. அதன் விலையைக் கொடுப்பது யார் என்று பெரியம்மா வீட்டில் பார்த்தேன்.

அழிந்ததைத் திரும்பப் போடலாமே என்றால், எதிலிருந்து போடுவது? அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் ரெக்கவரி டிஸ்க்கைப் பெட்டியில் வைப்பதையே நிறுத்திவிட்டன. எல்லாம் ஹார்ட் டிஸ்க்கிலேயே ஒரு பகுதியில் இருக்கும், வாங்கியவர் தானே காலி டிவிடி வாங்கி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஹார்ட் டிஸ்க் கெட்டால் காப்பாற்ற வேண்டியதை ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே வைப்பது என்ன யோசனையோ! இந்த மெஷினோடு தனி மீடியா டிஸ்க் ஒன்று வந்ததாம், அண்ணனுக்கு நினைவிருந்தது. வீடு மாறியபோது அந்தப் பெட்டி குப்பைக்குப் போய்விட்டது. கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலுக்கு சவுண்ட், வைஃபை, டச்பேடு என்று டிரைவர்கள் வரிசையாக இருந்தன. மீடியா மட்டும் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். சீரியல் எண்ணை வாங்கிக்கொண்டு, வெகுநேரம் காக்கவைத்து, "வாரன்டி முடிஞ்சிடுச்சு சார், புது மாடல்ல நல்ல ஆஃபர் இருக்கு" என்றார்கள். வாரன்டி முடிந்தது எனக்கும் தெரியும். ரிப்பேர் கேட்கவில்லை. வாங்கிய பொருளின் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துவைக்க அவர்களிடம் மட்டுமே இருக்கிற ஒரு டிஸ்க்கின் நகலை, விலை கொடுத்தே கேட்டேன். கொடுக்க வழியில்லை என்றார்கள்.

கேட்டவர்களெல்லாம் சொன்ன யோசனை ஒன்றுதான். ஒரு டேப்லெட் வாங்கிக் கொடு, யூடியூபில் இல்லாத கச்சேரியா? அந்த டிவிடிகளில் பாதி, பெரியப்பா உயிரோடு இருந்தபோது கோயில் விழாக்களில் எடுத்தவை. ஒன்றில் அவரே முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறார். அதை எந்த யூடியூபில் தேடுவது? அப்படியே எல்லாம் கிடைத்தாலும், பழகின கை ஒன்றுக்கு வேறு ஒன்றைப் பழக்கு என்று சொல்வது, கற்றுக்கொள்ள வேண்டியவர் வயது இருபதாக இருந்தால் சரி. கை பழகின பொருளை அதன் இடத்திலேயே விட்டுவைப்பதும் மரியாதைதான் என்று ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை?

டிஸ்க் கடைசியில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தது. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் அந்தச் சந்துகளில், பழைய லேப்டாப்புகளைப் பிரித்து ஸ்கிரீன், கீபோர்டு, ரேம் என்று உதிரியாக விற்கும் ஒரு பெரியவர். மாடல் எண்ணைக் கேட்டதும், "இருங்க சார்" என்று மேல் பரணிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை இறக்கினார். பிரித்த மெஷின்களோடு வந்த டிஸ்க்குகளை அவர் தூக்கிப் போடுவதில்லை. "யாராவது ஒருத்தர் கேட்டு வருவாங்க" என்றார். இத்தனை பெரிய கம்பெனிகளுக்கு இல்லாத பொறுப்பு அந்தப் பையில் இருந்தது. அதே வரிசை மெஷினுடைய டிஸ்க், கொஞ்சம் முந்தைய பதிப்பு. உறை இல்லை, கீறல் இருந்தது, ஆனால் படித்தது.

கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டால், இனிமேல்தான் உண்மையான வேலை. இதை விண்டோஸ் மேல் போட முடியாது. வரிசை தலைகீழ். முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்ய வேண்டும். பிறகு மீடியா டிஸ்க்கிலிருந்து மெஷினை பூட் செய்து, தனக்கு வேண்டிய பகுதியை அதுவே பிரித்துக்கொள்ள விட வேண்டும். மிச்ச இடத்தில்தான் விண்டோஸ். அதிலும் விண்டோஸ் 7-க்கு ஒரு பழக்கம்: காலி இடத்தைக் கண்டால் தனக்கென்று 100 எம்பி பகுதி ஒன்றைக் கேட்காமலே பிரித்துக்கொள்ளும். இருப்பதே நாலு வரி, அதில் எந்த வரியில் எது என்று மீடியா புரோகிராமுக்கு ஒரு கணக்கு. அதனால் மிச்ச இடத்தை முன்கூட்டியே ஒரே பகுதியாகப் பிரித்து வைத்துவிட்டுத்தான் விண்டோஸை உள்ளே விட வேண்டும். விண்டோஸ் எழுந்த பிறகு, டிரைவர்கள் போட்ட பிறகு, அதே மீடியா டிஸ்க்கை மறுபடி போட்டால் இரண்டாவது பாதி ஏறும். அப்போதுதான் முதல் செக்டரில் விண்டோஸ் எழுதியதை எடுத்துவிட்டு இரண்டு பொத்தான்களையும் அறிந்த புரோகிராம் திரும்ப வந்து உட்காரும். இந்த வரிசையில் ஒன்று முன்பின் ஆனால் முதலிலிருந்து எல்லாமே. அதாவது கடையில் முதல் தடவை அழிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் நின்றிருந்தால், ரெக்கவரிப் பகுதியை விட்டுவைத்திருந்தால், ஒரே ஒரு கீயை அழுத்தி மெஷினை வாங்கிய அன்றிருந்த நிலைக்கே கொண்டுபோயிருக்கலாம்.

இந்தத் தடவை லைசென்ஸோடு விண்டோஸ் வாங்கினேன். பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் செய்தேன். நடுவில் மின்சாரம் போனது. அந்தப் பழைய பேட்டரி தாங்குமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, தாங்கியது. கடைசியில் மெஷினை அணைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தியதும் அந்தப் பழைய திரை வந்தது. போட்டோ பார்க்கும் பகுதி மட்டும் இந்தப் பதிப்பில் திறக்க மறுக்கிறது. அதில் அண்ணன் ஏற்றி வைத்திருந்த பேரப்பிள்ளைகள் படத்தை ஓடவிட்டுப் பெரியம்மா பார்ப்பார். அது போனது போனதுதான். டிவிடி ஓடுகிறது.

மீடியா டிஸ்க்கை நகலெடுத்து ஒன்று அங்கேயும் ஒன்று என்னிடமும் ஒன்று அண்ணனிடமும் இருக்கும்படி செய்திருக்கிறேன். ஒரு தாளில் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி, லேப்டாப்பின் அடியில் லைசென்ஸ் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் செல்லோ டேப்பால் ஒட்டியிருக்கிறேன்: "ஃபார்மட் போடும் தம்பிக்கு: சின்ன பார்ட்டிஷனை அழிக்க வேண்டாம். அழித்தே ஆக வேண்டுமானால் முதலில் இந்த டிஸ்க், பிறகுதான் விண்டோஸ். சந்தேகம் என்றால் போன் பண்ணவும்." கீழே என் நம்பர். இந்த நாலு வரியை 2006-லேயே அச்சடித்து ஒட்டி அனுப்பியிருக்க வேண்டியவர்கள் அந்தப் பொத்தானை வைத்து விற்றவர்கள்.